லென்ஸ் சரி, எங்கே மாட்டுவது?

கண்புரை ஆபரேஷன் என்றாலே நம் வீடுகளில் முதலில் கேட்பது, "லென்ஸ் உள்ளூரா, ஃபாரினா? எவ்வளவு ஆகும்?" என்றுதான். அந்த லென்ஸ் கண்ணுக்குள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் டாக்டர்கள் எழுபது வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டது அந்தக் கேள்விக்காகத்தான். நான் டாக்டர் இல்லை. புனேயில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் ஆசாமி. இதையெல்லாம் ஏன் தேடிப் படித்தேன் என்பது பின்னால்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஹரோல்ட் ரிட்லி, இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட விமானிகளின் கண்களைப் பார்த்தவர். விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துணுக்குகள் கண்ணுக்குள் போயும், கண் அவற்றை எதிர்க்காமல் சும்மா இருந்ததைக் கவனித்தார். 1949 நவம்பரில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு பெண்ணின் கண்ணில் வைத்தார். லென்ஸைச் செய்து கொடுத்தது ரேனர் கம்பெனி.

பொருள் சரி, மாட்டுவதுதான் சிக்கல். ரிட்லி லென்ஸ் கனமானது, பிடித்துக்கொள்ளக் கைகளும் கிடையாது. சில கண்களில் பின்பக்கம் நழுவி உள்ளே விழுந்தது. பெரிய டாக்டர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

'பின்னால் வைத்தால்தானே விழும், முன்னால் வைப்போம்' என்று 1950களில் இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி போன்றவர்கள் ஐரிஸுக்கு முன்னால் வைத்தார்கள். விழவில்லை. ஆனால் பல பேருக்கு நாளடைவில் கார்னியா கெட்டு, பார்வை மங்கியது. நெதர்லாந்தின் பின்கார்ஸ்ட் ஐரிஸிலேயே கிளிப் போல மாட்டினார். அதே நாட்டின் யான் வோர்ஸ்ட், நண்டு கொடுக்கு மாதிரி ஐரிஸைக் கவ்வும் லென்ஸ் செய்தார். அதை இந்தியாவில் பரப்பியவர் அமிர்தசரஸின் டாக்டர் தல்ஜித் சிங்.

அதே காலத்தில் நம்மூர் கண் முகாம்களில் லென்ஸே வைக்காமல், புரையை உறையோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். தாத்தா பாட்டிகள் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டு, படியில் கால் வைக்கத் தடுமாறியது அதனால்தான். 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, ஃபாரின் விலையில் சிறு பங்குக்கு லென்ஸ் செய்த பிறகுதான் ஏழைகளுக்கும் அது கிடைத்தது.

நல்ல இடம் எது என்ற கேள்விக்கு விடை கண்ணிலேயே இருந்தது. இயற்கை லென்ஸுக்கு ஒரு மெல்லிய உறை உண்டு. புரையை மட்டும் எடுத்துவிட்டு உறையை விட்டுவைத்தால், அதுவே பை. 1977-ல் அமெரிக்காவின் ஷியரிங் லென்ஸுக்கு வளைந்த இரண்டு கைகள் வைத்தார். 1980களில் கனடாவின் கிம்பெல்லும் ஜெர்மனியின் நாய்ஹானும் உறையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். லென்ஸ் பைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்று பெரும்பாலோருக்குச் செய்வது இதுதான்.

சரி, அந்தப் பையே போய்விட்டால்? அடிபட்டோ வயதாலோ, பையைத் தாங்கும் நுண்ணிய நார்கள் அறுந்துபோவதுண்டு. அப்பாவுக்கு அதுதான் நடந்தது. ஊரில் ஆபரேஷன் செய்து பத்து வருஷம் கழித்து, எங்களோடு இங்கே இருந்தபோது ஒரு காலையில் "எல்லாம் ரெண்டாத் தெரியுதுடா" என்றார். பையோடு லென்ஸ் சரிந்திருந்தது.

பை இல்லாதபோது மிச்சமிருப்பது கண்ணின் வெள்ளைச் சுவர். முதலில் நூல் போட்டு அதில் கட்டினார்கள். நூல் சில வருஷங்களில் அறுந்துபோவதுண்டு. 2007-ல் ஜெர்மனியின் ஷாரியோத், சுவருக்குள் சிறு சுரங்கம் போட்டு லென்ஸின் கையை அதில் செருகும் முறையை எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையின் டாக்டர் அமர் அகர்வால், அதோடு ஃபைப்ரின் பசையையும் சேர்த்தார்.

டாக்டர் இதை விளக்கியபோது, முப்பது வருஷம் தபாலாபீசில் கோந்து பார்த்த அப்பா என் காதில், "கோந்தா? மழைக்காலத்துல விட்டுடுமேடா!" என்றார். டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்துவிட்டு, படம் போட்டுக் காட்டினார். லென்ஸைப் பிடித்திருப்பது சுரங்கம்தான். பசை மேலே சீவிய மடிப்பை ஒட்டி மூட மட்டுமே. அதுவும் ரத்தம் உறையும் அதே சரக்கில் செய்தது, சில நாளில் கரைந்துவிடும். அப்பாவுக்கு அதைத்தான் செய்தார்கள். இப்போது பேப்பர் படிக்கிறார், மருமகளின் சமையலில் உப்பையும் கண்டுபிடிக்கிறார்.

2017-ல் ஜப்பானின் யமானே இன்னும் எளிதாக்கினார். மெல்லிய ஊசி வழியாகக் கையை வெளியே எடுத்து, நுனியைச் சூட்டால் உருக்கிக் குமிழாக்கிச் சுவருக்குள் தள்ளிவிடுவது. ஆணிக்கு ஒரு தலை மாதிரி. நூலும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

ஒவ்வொரு இடமும் இன்னொன்றின் குறையிலிருந்து பிறந்தது. இவற்றில் பல முறைகளுக்கு இன்றும் ஆள் உண்டு. எது யாருக்கு என்பது அந்தக் கண்ணைப் பார்த்த டாக்டரின் முடிவு.

ஊரில் அப்பா அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்திருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் லென்ஸின் பெயரும் பவரும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஊரில் இருந்தாலும், பார்வை திடீரென்று மங்கினாலோ இரண்டாகத் தெரிந்தாலோ, 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே காட்டுங்கள்.