இதயமும் இல்லமும்: செவிலியர் உயர்கல்வி வரலாற்றில் நாட்பட்ட இதயச் செயலிழப்புப் பராமரிப்பு – காரியாபட்டியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழகச் செவிலியர் கல்வி, மருத்துவமனைப் பயிற்சியாகத் தொடங்கிப் பல்கலைக்கழகப் பட்டமாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியில் இதயநோய்ப் பராமரிப்பு ஒரு சிறப்புப் பிரிவாகவும், இல்லம் சார்ந்த சமுதாய நலப் பராமரிப்பு வேறொரு பிரிவாகவும் அமைந்தன. நாட்பட்ட இதயச் செயலிழப்போ இரண்டையும் ஒருங்கே வேண்டி நிற்பது. இப்பிரிவினை உருவான வரலாற்றையும், காரியாபட்டி போன்ற சிற்றூர்களில் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செவிலியர் கல்வி, இதயச் செயலிழப்பு, வேலூர், காரியாபட்டி, சமுதாய நலம்.

முன்னுரை

இதயச் செயலிழப்பு என்னும் சொல், இதயம் நின்றுவிடுதலைக் குறிப்பதாகப் பலராலும் பொருள் கொள்ளப்படுகிறது. உடலின் தேவைக்கேற்பக் குருதியைச் செலுத்த இயலாமல் இதயம் தளர்ந்திருக்கும் நிலையே அது. நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. மருத்துவமனையில் நீர் வடிந்து நோயாளி நலமுற்றாலும் நோய் நீங்குவதில்லை. அதன்பின் நோயின் போக்கைப் பெரிதும் வகுப்பவை நாள்தோறும் எடை பார்த்தல், உப்பைக் குறைத்தல், மருந்தை நிறுத்தாதிருத்தல், அறிகுறிகளை முன்கூட்டியே உணர்தல் ஆகியவை. மூன்று நாள்களுக்குள் எடை 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடனே மருத்துவ உதவியை நாடவேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி. இவை யாவும் இல்லத்தில் நிகழ்பவை. எனவே, இவற்றைக் கற்பிக்கும் செவிலியரின் கல்வி எங்ஙனம் அமைந்தது என்பது வரலாற்று வினாவாகிறது.

மருத்துவமனையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கப்பெற்றது. வேலூரில் ஐடா ஸ்கடரும் டெலியா ஹௌட்டனும் 1909-இல் செவிலியர் பள்ளியை நிறுவினர். 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவுமுறைக்கு வழிவகுத்தது. எனினும் எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருந்தது. 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்பதே பிரித்தானிய இந்தியாவின் நிலை என 1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கை காட்டியது.

அதே 1946-இல் வேலூரிலும் தில்லியிலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு தோன்றியது. 1947-இல் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. 1959-இல் தில்லியில் முதுநிலைப் படிப்பு தொடங்கியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, 1961-இல் திறந்த இதய அறுவை மருத்துவம் நிகழ்ந்த இடமுமாகும். அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வளர வளர, அவற்றிற்கேற்ற திறன்மிகு செவிலியர் தேவை பெருகியது. உயர்கல்வியும் அத்தேவைக்கு விடையளித்தது.

பிரிந்த இரு துறைகள்

முதுநிலைச் செவிலியர் படிப்பின் பாடத்திட்டத்தில் இதய, மார்பகக் கூட்டுச் செவிலியம் மருத்துவ அறுவைச் செவிலியத்தின் உட்பிரிவாக இடம்பெறுகிறது. சமுதாய நலச் செவிலியம் தனியொரு கிளை. முன்னதைக் கற்றவர் மின்னிதய வரைபடத்தையும் உயிர்காக்கும் கருவிகளையும் நன்கறிவார். பின்னதைக் கற்றவர் குடும்பத்தையும் ஊரையும் அறிவார். மருந்தளவைப் படிப்படியாக உயர்த்துதலையும் வீட்டு உணவில் உப்பைக் கண்டறிதலையும் ஒருவரே கற்கும் வாய்ப்பு இவ்வமைப்பில் இயல்பாக வாய்ப்பதில்லை. 2016-17-இல் இந்தியச் செவிலியர் குழுமம் அறிமுகப்படுத்திய செவிலிய வல்லுநர் உறைவிடப் படிப்பும் தீவிர சிகிச்சையையே தன் களமாகக் கொண்டது. உயிர்காக்கும் அவசரம் கருதின் அத்தேர்வு பொருத்தமானதே. ஆயினும் உயர்தகுதி என்பது மருத்துவமனைக் கட்டிலுக்கு அருகிலேயே நிலைபெறும் போக்கினை அது மேலும் உறுதிப்படுத்தியது.

இல்லம் சென்ற செவிலியம்: அயலகச் சான்றுகள்

இப்பிரிவினை தவிர்க்க இயலாததன்று என்பதை அயலக வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் ரிச் குழுவினர் 70 அகவையும் அதற்கு மேலும் உடைய 282 நோயாளிகளிடம் ஆய்வு நிகழ்த்தி, 1995-இல் முடிவுகளை வெளியிட்டனர். செவிலியர் வழிநடத்திய கல்வி, உணவு அறிவுரை, இல்ல வருகை, தொலைபேசித் தொடர்பு ஆகியவற்றைப் பெற்றோரிடம், 90 நாள்களுக்குள் இதயச் செயலிழப்பால் மீண்டும் மருத்துவமனையில் சேர்தல் 56 விழுக்காடு குறைந்தது. கிளாஸ்கோவில் 165 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2001-இல் வெளியான ஆய்விலும், சிறப்புச் செவிலியரின் இல்ல வருகை இத்தகைய பயனைத் தந்தது. இவற்றில் பயன் விளைவித்தது புதிய மருந்தன்று. இதயத்தை அறிந்த செவிலியர் இல்லத்தை அடைந்ததே.

தென்னிந்தியாவில் இத்தேவை எத்துணைப் பெரிது என்பதற்குத் திருவனந்தபுரம் பதிவேடு சான்றாகும். 2013-இல் 18 மருத்துவமனைகளில் பதிவுசெய்யப்பட்ட 1,205 நோயாளிகளுள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் ஓராண்டிற்குள் இறந்தனர். நோயாளிகளின் சராசரி அகவை 61 மட்டுமே. குடும்பத்தின் வருவாய் இன்னும் அவர்களைச் சார்ந்திருக்கக்கூடிய அகவை அது.

காரியாபட்டியின் நிலை

1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டத்தில், மதுரை எல்லையை ஒட்டி அமைந்தது காரியாபட்டி. வானம் பார்த்த வேளாண்மையும் நாட்கூலியும் இப்பகுதியின் வாழ்வியலை வகுக்கின்றன. உயர்சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், 2022-இல் திறக்கப்பெற்ற விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஆனால் நாட்கூலி பெறுவோர்க்கு ஒருநாள் மருத்துவப் பயணம் ஒருநாள் ஊதிய இழப்பாகும். ஊறுகாயும் கருவாடும் கஞ்சிக்குத் துணையாகும் வீட்டில் "உப்பைக் குறையுங்கள்" என்ற பொது அறிவுரை போதாது. எதை விலக்குவது, எதை மாற்றாகக் கொள்வது என்று சொல்பவர் வேண்டும். கோடை வெயிலில் நீர்பிரி மாத்திரை உண்பவர்க்கு நீரளவு குறித்த வழிகாட்டலும் தனித்தே தேவைப்படும்.

இத்தகைய இல்லங்களை அடையும் அமைப்பு தமிழகத்தில் இல்லாமலில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் நெடுங்காலமாகத் தாய்சேய் நலத்தை முதன்மையாகக் கொண்டு இல்லந்தோறும் சென்று வருகின்றனர். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் குருதியழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளை வீட்டிற்கே கொண்டுசேர்க்கிறது. இவ்விரு நோய்களும் இதயச் செயலிழப்புக்கு இட்டுச்செல்லும் முதன்மை வழிகள் என்பது கருதத்தக்கது. வழி திறந்திருக்கிறது, அவ்வழியே இதயநோய்ப் பராமரிப்பின் உயர்நிலை அறிவு செல்வதற்கான கல்விப் பாலமே தேவைப்படுகிறது.

முடிவுரை

ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் தமிழகச் செவிலியர் கல்வி பயிற்சியிலிருந்து பட்டத்திற்கும், பட்டத்திலிருந்து சிறப்புத் துறைக்கும் உயர்ந்தது. அவ்வுயர்வினூடே இதயம் ஒரு துறையிலும் இல்லம் மற்றொரு துறையிலும் தங்கிவிட்டன. முதுநிலை மாணவர் தாம் கற்பித்து அனுப்பிய நோயாளியின் வீட்டிற்கே சென்று எடைக் குறிப்பையும் மருந்துப் பெட்டியையும் காணும் களப்பயிற்சியும், கிராம சுகாதாரச் செவிலியர்க்கு இதயச் செயலிழப்பின் முன்னறிகுறிகளைக் கற்பிக்கும் தொடர்பயிற்சியும் இவ்விடைவெளியைக் குறைக்க வல்லவை. நோயாளி மூச்சு முட்டி மதுரைக்கு விரையும் நாளுக்கு முன்னரே, காரியாபட்டி வீட்டின் எடைக்கருவியில் அதற்கான அறிகுறி தோன்றிவிடுகிறது. அதைப் படித்துணரும் கண்ணை அவ்வீட்டிற்குக் கொண்டுசெல்வதே செவிலியர் உயர்கல்வியின் அடுத்த படிநிலை.