பாடு: ஒரு கரையின் முறையும் உரிமையும்

இலங்கையின் கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கையும் தெற்கையும் அடித்துக் கலக்கும். அப்போது நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் கரையில் கால் வைக்க முடியாது. அதே காற்று நிலத்தைத் தாண்டிக் கிழக்கே வரும்போது காய்ந்த சூட்டோடு வரும். அதைத்தான் கச்சான் என்கிறார்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், முல்லைத்தீவு தொடங்கித் திருகோணமலை வரைக்கும் கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை இறங்கினால் கதை தலைகீழ். கிழக்கு மூடும், மேற்கு திறக்கும்.

கரைவலைக்காரரின் நாட்காட்டி இவ்வளவுதான். பங்குனி, சித்திரையில் உடப்பு, சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து ஆட்கள் வலையையும் தோணியையும் கட்டிக்கொண்டு கிழக்கே போவார்கள். நாயாறு, கொக்கிளாய், புல்மோட்டை என்று மணலில் வாடி போட்டுத் தங்குவார்கள். மழைக்கு முன் திரும்பிவிடுவார்கள். போனவர்களில் தமிழரும் உண்டு, சிங்களவரும் உண்டு, வீட்டில் இரண்டு மொழியும் பேசியவர்களும் உண்டு.

கரைவலை வேலை பார்க்க எளிதுதான். கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்கும். தோணி கடலுக்குள் போய், கயிறு, வலையின் ஒரு கை, நடுவில் மடி, மற்றக் கை, மறுகயிறு என்று அரைவட்டமாக இறக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளிக் கரையேறும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். பெரிய வலைக்கு முப்பது நாற்பது பேர் வேண்டும். கை ஒன்றாக விழுவதற்குத்தான் அம்பாப் பாட்டு. நீரோட்டம் எந்தப் பக்கம், மீன் எங்கே கறுத்துக் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்பவர் மண்டாடி. வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. நெத்தலி, சூடை, காரல், கும்பளா, அதிர்ஷ்டம் இருந்தால் பாரை. பத்துத் தடவை வெறும் மடி வரும். பதினோராவது தடவை மடி கிழியும் அளவுக்கு வரும்.

இந்தத் தொழிலின் கஷ்டம் கடலில் இல்லை, கரையில் இருக்கிறது. பாறை இருந்தால் வலை கிழிந்துவிடும். அடியில் சுத்தமான மணல் வேண்டும், நீரோட்டம் வலையைத் தள்ளிக்கொண்டு போக இடமும் வேண்டும். அப்படி வாய்த்த இடத்துக்குப் பெயர் பாடு. பூநகரிப் பக்கத்தில் ஓர் ஊருக்கே வலைப்பாடு என்று பெயர். ஒரு பாட்டில் ஒரு வலை கிடக்கும்போது இன்னொன்றை இறக்க முடியாது. அதனால்தான் முறை வந்தது. இன்றைக்கு விடியற்காலை உனக்கு என்றால் நாளைக்கு எனக்கு. கடலை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை, மணலையும் இல்லை. சொந்தமாக இருந்தது அந்த முறைதான். அதை அப்பனிடமிருந்து பிள்ளை வாங்கினான், விற்கவும் செய்தான்.

இந்த முறை எங்கே உடையும் என்பதைத் தென்கரையில், தங்காலைக்குக் கிட்டே உள்ள மாவெல்ல கிராமத்தில் பால் அலெக்சாண்டர் என்ற மானுடவியலாளர் பதிவு செய்தார். அவருடைய நூல் 1982இல் வந்தது. முறை போட்டுக்கொள்ள அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. புது வலை வருவதைத் தடுக்கத்தான் முடியவில்லை. மீன் விலை ஏற ஏற வலைகள் கூடின. வலை கூடக் கூட ஒவ்வொருவருக்கும் முறை வருவது தள்ளிப்போனது. எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கச் சட்டம் இருந்தும், செல்வாக்குள்ளவர்கள் அரசியல்வாதிகளைப் பிடித்து அதை அமுக்கிவிட்டார்கள். பின்னாளில் 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், 1990இல் வந்த தன் புத்தகத்தில் பொதுவளம் தோற்றுப்போன இடங்களுக்கு உதாரணமாக இந்த ஊரையும் எடுத்துக்கொண்டார்.

கிழக்கில் உடைந்தது வேறு விதமாக. வருபவர் பருவத்துக்கு வந்து போகிறவர், ஊர்க்காரர் நிரந்தரமாக இருப்பவர் என்ற புரிதலின் மேல்தான் அங்கே எல்லாம் நின்றது. 1984 டிசம்பர் முதல் நாள் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் இருந்த சிங்கள மீனவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதே மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழர்கள் உயிரிழப்புகளோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். போனவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் திரும்பவில்லை. போர் 2009இல் முடிந்து அவர்கள் வந்து பார்த்தபோது, தெற்கிலிருந்து வந்தவர்களின் வாடிகள் கரையில் நின்றன, அவர்கள் கையில் அனுமதிப் பத்திரமும் இருந்தது. 1996ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டத்தின்படி தொழிலுக்கு அனுமதி வேண்டும். ஊர்க்காரரிடம் இருந்தது தாத்தா காலத்துப் பாட்டின் பெயரும் எல்லையும்தான். இடம்பெயர்ந்தபோது யார் பத்திரம் எடுத்துப் போனார்கள்?

இதில் பருவமும் சேர்ந்துகொள்கிறது. பழைய வழக்கத்தில் வாடைக்காலம் ஒரு கதவு மாதிரி. வந்தவர் போயே ஆகவேண்டும், அவர் போனபிறகு கரை ஊருக்குத் திரும்பும். வருடாவருடம் வந்து, இடம் கேட்டு, உறவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பத்திரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆறு மாதம் ஆளில்லாமல் கிடந்தாலும் பாடு பத்திரக்காரருடையதுதான்.

சட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாவெல்லவில் சட்டத்தை நடத்த ஆளில்லாததால்தான் ஊர் கெட்டது. ஆனால் வலையை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு, அந்த மணலில் யார் யாருக்கு முன்னால் நின்றார்கள் என்று எண்ணத் தெரியவில்லை. முல்லைத்தீவில் இன்னும் தீராமல் கிடக்கும் வழக்கு இதுதான். மீன் குறைந்துவிட்டது என்ற பேச்சும் கூடவே இருக்கிறது. பகிர்ந்துகொள்ள மீன் குறைகிற காலத்தில்தான் யாருடைய முறை என்ற கேள்வி கூர்மையாகிறது. அதற்கு ஒரு பதிலை அந்தக் கரை ஒருகாலத்தில் வைத்திருந்தது.