விலங்கு கழன்ற பிறகு

சித்தப்பிரமை கொண்டோரைச் சங்கிலியிலிருந்து விடுவித்த புண்ணியவான் யார் என்று கேட்டால், பாரிஸ் நகரத்து வைத்தியர் பினெலின் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் பிசேத்ர் ஆஸ்பத்திரியில் 1797-இல் அச்சங்கிலிகளைக் கழற்றியவர், பினெல் வேறிடத்துக்கு மாறிப் போன பின்னும் அங்கேயே மேற்பார்வை பார்த்துவந்த புசேன் என்பவர். தோல் பதனிடும் தொழிலாளியாயிருந்து, நோயாளியாக அந்த ஆஸ்பத்திரிக்குள் வந்து, பிறகு அங்கேயே உத்தியோகம் பெற்றவர் அவர். நோயாளிகளைச் சிப்பந்திகள் அடிக்கலாகாது என்று அவர் உத்தரவிட்டபோது, எதிர்ப்பு நோயாளிகளிடமிருந்து வரவில்லை. அடிக்கக் கூடாதென்றால் எங்களுக்கு என்ன பாதுகாப்பு என்று சிப்பந்திகளே கிளம்பிவிட்டார்கள். அவர் பலரை வேலையிலிருந்து நீக்கினார். குணமடைந்து வந்தவர்களைப் பொறுக்கி அந்த வேலையில் அமர்த்தினார். துன்பம் இன்னதென்று அறிந்த அவர்கள் பிறரை அடிக்கக் கை ஓங்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை வீண்போகவில்லை.

இங்கிலாந்தில் லிங்கன் நகரத்து மனநோய் விடுதியில் ராபர்ட் கார்டினர் ஹில் என்ற இளம் வைத்தியர், 1838-க்குள் நோயாளிகளைக் கட்டிப்போடும் வழக்கத்தை அடியோடு ஒழித்துக் காட்டினார். அவருக்குப் புசேனின் பாக்கியம் வாய்க்கவில்லை. புதிய முறையை விரும்பாதவர்கள் சிப்பந்திகளின் கீழ்ப்படியாமைக்குத் தூபம் போட, அதிகாரமெல்லாம் கைநழுவி, 1840-இல் அவர் ராஜினாமாச் செய்ய நேர்ந்தது.

லண்டனுக்கு மேற்கேயுள்ள ஹான்வெல் விடுதிக்கு 1839-இல் தலைமை ஏற்ற ஜான் கொனாலி இன்னும் நுட்பமாக நடந்தார். அங்கே ஏறத்தாழ எண்ணூறு நோயாளிகள். கட்டுகளைத் திடீரென்று பறிமுதல் செய்யாமல், இன்று எத்தனை பேரைக் கட்டினீர்கள் என்று ஜூலை முதல் தேதியிலிருந்து தினந்தோறும் கணக்கு எழுதித் தரச் சொன்னார். கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தவுடனே, எந்த நாளிலும் அந்தத் தொகை பதினெட்டுக்கு மேல் ஏறவில்லை; செப்டம்பர் 21-க்குப் பிறகு ஒருவர்கூடக் கட்டப்படவில்லை. கட்டுப்பட்ட நோயாளியைக் கவனிக்க வேண்டியதில்லையாதலால், விலங்கென்பது சிப்பந்திகளின் சிரமத்தைக் குறைக்கும் சாதனமாகவே இருந்துவந்ததென்று அவர் கண்டுகொண்டார். அதே காரணத்தால், விலங்கை நீக்குகிறவர் ஆட்களையும் சம்பளத்தையும் கூட்டியே தீரவேண்டும் என்றும் வாதாடினார். நிர்வாகம் செய்த மாஜிஸ்திரேட்டுகளோ, 1844-இல் வைத்தியரல்லாத ஒருவரை ஆளுநராக மேலே அமர்த்தி, சிப்பந்திகளின் மீதிருந்த அதிகாரத்தைப் பங்கிட்டுவிட்டார்கள். கொனாலி உள்ளுறை வைத்தியர் பதவியை விட்டு, வந்து பார்த்துப்போகும் வைத்தியராக மட்டும் எஞ்சினார்.

மேலதிகாரிகளின் மனக்கசப்பைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிப்பந்தியின் வாழ்க்கையையும் சற்றே பார்க்கவேண்டாமா? விக்டோரியா மகாராணியார் காலத்து விடுதிகள் பலவற்றில் அவன் நோயாளிகளின் கூடத்தை ஒட்டிய சிற்றறையில் படுத்து, விடியுமுன் எழுந்து, இடுப்புச் சாவிக்கொத்தோடு இரவு வரை நடமாடுவான். சாவி தொலைந்தால் அபராதம். நோயாளி ஓடிப்போனால் தேடிப் பிடிக்கும் செலவு அவன் சம்பளத்தில் பிடித்தம். கல்யாணம் செய்துகொள்ளவும் அனுமதி கேட்கவேண்டும். இத்தகைய வேலையில் நல்லவர்கள் நிலைத்து நிற்பது துர்லபம். நின்றவர்கள் நின்றார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்!

இவ்வேலைக்கும் ஒரு படிப்புண்டு என்று ஒப்புக்கொள்ளவே நெடுங்காலம் பிடித்தது. மனநோய் வைத்தியர்களின் சங்கம் சிப்பந்திகளுக்கென்று ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது 1885-இல்; முதல் பரீட்சை நடந்தது 1891-இல். புசேன் சங்கிலியைக் கழற்றித் தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. சிப்பந்திகள் தாமாகத் தொழிற்சங்கம் கூட்டி, ஊதியத்தையும் வேலை நேரத்தையும் பற்றிப் பேசத் தொடங்கியது 1910-இல்தான்.

கருணையோடு நடக்கும்படி உத்தரவிட, விடுதிகளை நிர்வகித்த சபைகள் தயங்கவில்லை. அக்கருணையைச் செலுத்த வேண்டிய மனிதனுக்கு ஓய்வும் ஊதியமும் கொடுக்கத்தான் தயங்கின. லிங்கனிலும் ஹான்வெல்லிலும் நேர்ந்த குறைகளுக்குச் சிப்பந்திகளைக் காட்டிலும் அச்சபைகளே பெரிதும் பொறுப்பு என்பதே என் துணிபு.