ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோடு

புதுவை மேட்டுப்பாளையத் தொழிற்பேட்டையில் இரும்பைப் பற்றவைக்கும்போது எழும் ஒளி நம் கண்களைக் கூசச் செய்கிறது. பல்லாயிரம் டிகிரி கொண்ட அவ்வெப்பத்திலும் இரும்பணு தன் 26 எலக்ட்ரான்களில் ஓரிரண்டையே இழக்கிறது. அவற்றில் பாதியையோ, அதற்கும் மேலாகவோ இழந்த இரும்பு எங்கேனும் உண்டா? உண்டு. அதைக் கண்டறிந்த வரலாறு நமது நீலகிரியையும் தொட்டுச் செல்கிறது.

1869 ஆகஸ்டு 7 அன்று அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கதிரவனைச் சூழ்ந்த 'கொரோனா' எனும் ஒளிவட்டத்தை ஆராய்ந்த சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னெஸ் ஆகியோர் அதன் நிறமாலையில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். அறிந்த தனிமம் எதனோடும் அது பொருந்தவில்லை. 1871 டிசம்பர் 12 கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு வானியலார் ழூல் ழான்சென் நீலகிரியிலுள்ள சோலூருக்கு வந்தார். ஒளிவட்டம் வெறும் தோற்றமன்று, கதிரவனுக்கே உரியது என்பதற்கு அங்கே சான்று கண்டார். பச்சைக் கோடு மட்டும் புதிராகவே நின்றது. 'கொரோனியம்' என்னும் புதிய தனிமத்தின் அடையாளம் அது என்று அறிஞர் கருதலாயினர்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியானும் ஸ்வீடனின் பெங்ட் எட்லேனும் புதிரை அவிழ்த்தனர். அது புதிய தனிமமன்று; 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பே! கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி. ஒளிவட்டமோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் என்பது இதனால் உறுதியாயிற்று.

அவ்வெப்பத்தில் விடுபட்ட எலக்ட்ரான்கள் பெருவேகத்துடன் அயனிகள்மீது மோதுகின்றன. அயனியில் எஞ்சியிருக்கும் எலக்ட்ரான்களை அணுக்கரு இறுகப் பற்றியிருப்பதால் அவற்றின் ஆற்றற்படிகள் மிக உயரமானவை. மோதலால் மேற்படிக்கு ஏறிய எலக்ட்ரான் கீழிறங்கும்போது அவ்வாற்றல் எக்ஸ் கதிராக வெளிப்படுகிறது. சில வேளைகளில், பாய்ந்துவரும் எலக்ட்ரானையே அயனி கவர்ந்துகொண்டு எக்ஸ் கதிரை உமிழ்கிறது. கதிரவனில் பெருவெடிப்பு நிகழும்போது 24 எலக்ட்ரான்களை இழந்த இரும்பும் இவ்வாறே ஒளிர்கிறது.

அக்கதிர்களை நம் வளிமண்டலம் தடுத்துவிடுவதால் அவற்றை விண்ணிலிருந்தே அளக்க வேண்டும். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் அப்பால் நிலைகொண்டு, இரு கருவிகளால் அவற்றைப் பதிவு செய்கிறது. ஆயினும், மேற்பரப்பைவிட ஒளிவட்டம் ஏன் இத்துணை வெம்மையாக உள்ளது என்பதற்கு முழு விடை இன்னும் கிட்டவில்லை.

பெயரிட்டதாலேயே ஒன்றை அறிந்துவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். கொரோனியம் என்ற பெயர் மறைந்தது, இரும்பு நின்றது. மனிதரிடத்திலும் அப்படித்தான். நமக்கு அந்நியராய்த் தோன்றுவோர் பலர், நாம் அறியாத வெம்மையில் தம்முடையவற்றை இழந்து நிற்கும் நம்மவரே அல்லரோ?