மில்ஃபோர்ட் சவுண்ட்: பெயருக்குள் மறைந்திருக்கும் ஃபியோர்ட்

ஃபியோர்ட்டுக்கு உதாரணம் கேட்டால் பிள்ளைகள் உடனே நோர்வே என்பார்கள். சரிதான். ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுக்க விருப்பமானது நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள மில்ஃபோர்ட் சவுண்ட். அதன் பெயரே பாதிப் பாடத்தை நடத்திவிடும்.

'சவுண்ட்' என்றால் இங்கே ஓசை அல்ல, நிலத்துக்குள் நீண்டு நுழைந்த கடல். ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு கடலில் மூழ்கினால் அங்கே சவுண்ட் என்பார்கள். நாம் ரியா என்று படிப்பிப்பது அதைத்தான். மில்ஃபோர்ட் அப்படியல்ல. பனிக்கட்டியாறு குடைந்த பள்ளத்தாக்கு அது. நீளம் சுமார் 15 கிலோமீற்றர், இரு பக்கமும் செங்குத்துப் பாறை. மைட்டர் சிகரம் தண்ணீரிலிருந்தே நேராக 1,680 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கிறது. உள்ளே ஆழம் அதிகம், வாய்ப்பகுதியில் குறைவு. ஆகவே அது ஃபியோர்ட். 'சவுண்ட்' என்பது பிழை.

1770 இல் இந்தக் கரையோரமாகப் போன கப்டன் குக் உள்ளே நுழையவேயில்லை. வாய் அவ்வளவு மறைவானது. பிறகு 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீல் வேட்டைக்கு வந்த ஜோன் குரோனோ, தான் பிறந்த வேல்ஸ் நாட்டின் துறைமுகமொன்றை நினைத்து 'மில்ஃபோர்ட் ஹேவன்' என்று பெயர் வைத்தார். அதை 'சவுண்ட்' ஆக்கியவர் 1851 இல் கடலளவைக்கு வந்த ஜோன் லோர்ட் ஸ்டோக்ஸ். உள்ளே வந்து விழும் ஆற்றுக்கும் வேல்ஸின் கிளெத்தாவ் ஆற்றின் பெயர்தான்!

வேடிக்கை என்னவென்றால், வேல்ஸின் மில்ஃபோர்ட் என்ற பெயர் வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. மணல்திட்டு உள்ள ஃபியோர்ட் என்று பொருள். ஆனால் அந்த இடமோ ஒரு ரியா. ரியாவுக்கு ஃபியோர்ட் என்று பெயர் வைத்தார்கள்; அந்தப் பெயர் உலகத்தைச் சுற்றி ஓர் உண்மையான ஃபியோர்ட்டுக்கு வந்துசேர்ந்தது; வந்த இடத்தில் அதற்கு சவுண்ட் என்று வால் கட்டினார்கள்.

இதெல்லாம் ஆங்கிலப் பெயரின் கதை மட்டும். குரோனோவுக்கு நெடுங்காலம் முன்பே மாவோரி மக்கள் இங்கே பச்சைக்கல் எடுக்க வந்துபோனார்கள். அவர்கள் வைத்த பெயர் பியொபியொதாஹி, அதாவது 'ஒற்றைப் பியொபியொ'. மாவுயி என்ற வீரன் இறந்தபோது அவனுடைய பியொபியொ பறவை துக்கத்தில் தனியாக இங்கே பறந்து வந்ததாம். ஐரோப்பியரின் கப்பல்களில் வந்த எலியும் பூனையும் அந்தப் பறவை இனத்தைத் தின்று தீர்த்தன. 1998 இல் நாய் தாஹு மக்களுடனான இணக்கச் சட்டம் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தபோது பியொபியொ உலகில் எங்குமே இல்லை.

இப்போது உத்தியோகபூர்வ வரைபடத்தில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. பிள்ளைகளிடமும் இரண்டையும் எழுதச் சொல்கிறேன்.