89 மில்லிமீட்டரால் வளர்ந்த ஊர்

ஜெர்மானியப் பேரரசின் வடகிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையை ஒட்டி, ஐட்கூனன் என்றொரு சிற்றூர் இருந்தது. பெயரே ஜெர்மன் பெயரன்று. லித்துவேனியர்கள் அதை எய்ட்கூனை என்பர். கிழக்குப் பிரஷ்யாவின் அப்பகுதியில் ஜெர்மன் பேசியோரும் லித்துவேனியம் பேசியோரும் நெடுங்காலம் கலந்து வாழ்ந்தனர். கோட்டையோ சந்தையோ துறைமுகமோ இல்லாத உழவர் குடியிருப்பு அது. ஊரின் ஓரத்தில் லிபோனா என்னும் சிற்றோடை ஓடியது. அவ்வோடைதான் எல்லை. 1422-இல் டியூட்டானியப் படைத்துறவியர் சபையும் லித்துவேனியாவும் செய்துகொண்ட மெல்னோ உடன்படிக்கை வகுத்த கோடு அது. இரு கரைகளும் பிரஷ்யாவின் கைக்கு வந்த சில ஆண்டுகள் நீங்கலாக, அக்கோடு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் அசையாமல் நின்றது. ஐரோப்பாவில் இத்தனை காலம் நிலைத்த எல்லைகள் மிகச் சில.

பெர்லினையும் கோனிக்ஸ்பர்க்கையும் இணைக்க எழுந்த பிரஷ்யக் கிழக்கு இருப்புப்பாதை, வழியில் விஸ்டுலா ஆற்றுக்கே பெரும்பாலம் கட்ட வேண்டியிருந்ததால், மெல்ல மெல்லத்தான் கிழக்கே நகர்ந்தது. 1857-இல் டிர்ஷாவ் பாலம் முடிந்தது. 1860-இல் தண்டவாளம் ஐட்கூனனை அடைந்தது. மறுகரையில் ரஷ்யர்கள் கோவ்னோவிலிருந்து தங்கள் பாதையை 1861-இல் எல்லைக்குக் கொண்டுவந்தனர். அடுத்த ஆண்டே பீட்டர்ஸ்பர்க் வரை தொடர்பு முழுமையடைந்தது. பிரஷ்யத் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 740 கிலோமீட்டர் தள்ளியிருந்த உழவர் குடியிருப்பு, ஒரே வீச்சில் இரு பேரரசுகளின் வாயிற்படியாயிற்று.

வாயிற்படி மட்டும் ஓர் ஊரை வளர்த்துவிடாது. வண்டிகள் நில்லாமல் கடந்திருந்தால் ஐட்கூனன் கால அட்டவணையில் ஒரு பெயராகவே இருந்திருக்கும். வண்டிகள் கடக்க முடியவில்லை என்பதே அதன் நல்லூழ். பிரஷ்யத் தண்டவாளங்களின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். ரஷ்யத் தண்டவாளங்களுடையது 1524. இந்த 89 மில்லிமீட்டர் வேறுபாட்டால் ஒவ்வொரு பயணியும் இறங்கி வண்டி மாற வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் ஒரு வண்டியிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஏற்றப்பட வேண்டும்.

படையெடுப்பைத் தடுக்கவே ரஷ்யா அகன்ற பாதையைத் தேர்ந்தது என்ற கதை இன்றும் பலரால் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதற்கு வலுவான சான்று இல்லை. 1840-களில் பீட்டர்ஸ்பர்க் – மாஸ்கோ பாதைக்கு ஆலோசகராக வந்த அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் (ஓவியர் விஸ்லரின் தந்தை) ஐந்தடி அகலத்தைப் பரிந்துரைத்தார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அவ்வளவே வழக்கில் இருந்தது. ஒரு பொறியாளரின் தொழில்முறைத் தெரிவு, அவர் கேள்விப்பட்டே இராத ஒரு சிற்றூருக்குச் சோறிட்டது.

வண்டி மாறும் ஏற்பாடு நுட்பமானது. ஓடையின் இரு கரைகளிலும் இரு நிலையங்கள்: மேற்கே ஐட்கூனன், கிழக்கே வெர்ஷ்போலோவோ. (பின்னது உண்மையில் கிபார்த்தை என்ற ஊரில் நின்றது, அதற்குப் பெயர் தந்த விர்பாலிஸ் நகரம் சில கிலோமீட்டர் கிழக்கே உள்ளது.) இரண்டுக்கும் நடுவே இருவகைத் தண்டவாளங்களும் அருகருகே கிடந்தன. கிழக்கே செல்பவர் பிரஷ்ய வண்டியிலேயே ஓடையைக் கடந்து வெர்ஷ்போலோவோவில் இறங்கினார். மேற்கே வருபவர் ரஷ்ய வண்டியிலேயே ஓடையைக் கடந்து ஐட்கூனனில் இறங்கினார். எந்த நாட்டுக்குள் நுழைகிறாரோ அந்த நாட்டின் சுங்க அதிகாரிகள் அவர் பெட்டிகளைத் திறந்தனர். ரஷ்யப் பக்கத்தில் கடவுச்சீட்டும் நூல்களும் கடுஞ்சோதனைக்கு உள்ளாயின. மேற்கே வருபவர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி, நாட்காட்டியைப் பன்னிரண்டு நாள் முன்னுக்கு நகர்த்த வேண்டும். ரஷ்யா இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றி வந்தது. பாரிஸ் – பீட்டர்ஸ்பர்க் வழித்தடத்தில் 1896-இல் ஓடத் தொடங்கிய நார்ட் எக்ஸ்பிரஸின் செல்வப் பயணிகளுக்கும் இதிலிருந்து விலக்கில்லை; பட்டுமெத்தைப் பெட்டியிலிருந்து இறங்கி வேறொரு பட்டுமெத்தைப் பெட்டிக்கு ஏறினர்.

இந்தக் காத்திருப்பில்தான் ஊர் வளர்ந்தது. சரக்கு முகவர்கள், நாணயம் மாற்றுவோர், விடுதி நடத்துவோர், சுமைதூக்குவோர், சுங்க எழுத்தர், இருப்புப்பாதை ஊழியர் எனப் புதியோர் வந்து குடியேறினர். ரஷ்யத் தானியமும் ஆளிநாரும் குதிரைகளும் வாத்துகளும் மேற்கே போயின. எந்திரங்களும் துணியும் கிழக்கே போயின. எதையும் விளைவிக்காமல், எதையும் உருவாக்காமல், இறக்கி ஏற்றுவதாலேயே ஓர் ஊர் பிழைத்தது.

ரஷ்ய எழுத்தாளர்களுக்கு ஐட்கூனன் ஐரோப்பா தொடங்கும் இடம். சால்திகோவ்-ஷெத்ரின் 1880-81-இல் எழுதிய 'வெளிநாட்டில்' என்ற நூலில், எல்லையைக் கடந்ததும் அதே மண்ணிலும் அதே வானத்தின் கீழும் வயல்கள் வேறுவிதமாக விளைந்திருப்பதைக் கண்டு வியக்கிறார். காற்சட்டை அணிந்த ஜெர்மன் சிறுவனும் காற்சட்டை இல்லாத ரஷ்யச் சிறுவனும் வாதிடும் புகழ்பெற்ற உரையாடல் அந்நூலில்தான் வருகிறது. நையாண்டி எழுத்தாளராயினும், அவ்வோடையின் இரு கரைகளுக்கும் நடுவே இருந்த வேறுபாடு அவரை உறுத்தியிருக்கிறது.

முதல் வகுப்பில் வந்தோரைவிட மிகப் பெரிய கூட்டம் ஒன்று இவ்வழியே போயிற்று. 1880-கள் முதல் ரஷ்யப் பேரரசை விட்டு வெளியேறிய யூதர்கள், ஹாம்பர்க், பிரேமன் துறைமுகங்களுக்குப் போக இவ்வெல்லையைக் கடந்தனர். 1892-இல் ஹாம்பர்க்கில் காலரா பரவியபோது பழி குடிபெயர்வோர்மேல் விழுந்தது. அதன்பின் பிரஷ்ய அரசின் இசைவோடு, கப்பல் நிறுவனங்களே எல்லை ஊர்களில் மருத்துவச் சோதனை நிலையங்களை நடத்தின. ஐட்கூனன் அவற்றுள் ஒன்று. அங்கே குளிக்கவைத்து, உடைகளைக் கிருமிநீக்கி, கண்களையும் கைப்பணத்தையும் சோதித்து, தேறியோரை மட்டும் மேற்கே அனுப்பினர். பயணிகளை ஏற்றிப் பொருள் ஈட்டும் நிறுவனமே அவர்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரியாகவும் அமர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

மேரி ஆன்டின் என்ற சிறுமி 1894-இல் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் போலோட்ஸ்கிலிருந்து இவ்வெல்லைக்கு வந்தாள். தந்தை முன்னரே பாஸ்டனுக்குப் போயிருந்தார். கையில் பயணச்சீட்டு இருந்தும், மேலும் பணம் வேண்டுமென்று சொல்லி ஜெர்மானிய அதிகாரிகள் அவர்களைத் தடுத்துவிட்டனர். கிபார்த்தையில் வாழ்ந்த யூதர் ஒருவர் அடைக்கலம் தந்தார். ஐட்கூனனில் இருந்த அவருடைய சகோதரரின் முயற்சியால், சில நாள்களுக்குப் பின் வழி திறந்தது. பாஸ்டன் சேர்ந்ததும் மேரி தன் மாமனுக்கு இத்திஷ் மொழியில் எழுதிய நீண்ட மடல், பின்னர் ஆங்கிலத்தில் 1899-இல் நூலாயிற்று. நூலின் தலைப்பில் 'போலோட்ஸ்க்' என்பது 'ப்லோட்ஸ்க்' எனப் பிழையாக அச்சாகிவிட்டது. ஐட்கூனனை வெளியிலிருந்து, கதவு அடைபட்டு நின்ற ஒருவரின் கண்ணால் காட்டும் அரிய சான்று அது.

1914 ஆகஸ்டில் ரஷ்ய முதலாம் படை இவ்வழியேதான் கிழக்குப் பிரஷ்யாவுக்குள் புகுந்தது. 17-ஆம் நாள் பக்கத்து நகரான ஷ்டாலூப்பேனனில் முதல் மோதல் நிகழ்ந்தது. அகன்ற தண்டவாளம் படையெடுப்பைத் தடுக்கவில்லை. ஐட்கூனன் பெரும்பாலும் அழிந்தது. அதைவிட ஆழமான அழிவு ஓசையின்றி வந்தது. 1915-இல் லித்துவேனியாவைக் கைப்பற்றிய ஜெர்மானியர், தங்கள் வண்டிகள் ஓடுவதற்காக அங்குள்ள முதன்மைப் பாதைகளை 1435 மில்லிமீட்டருக்கு மாற்றினர். போருக்குப் பின் விடுதலை பெற்ற லித்துவேனியா அதையே வைத்துக்கொண்டது. இனி ஐட்கூனனில் அகலத்தின் பொருட்டு யாரும் இறங்க வேண்டியதில்லை.

வியப்பு யாதெனில், ஊருக்கு நகர உரிமை கிடைத்ததே 1922-இல்தான். வளர்த்த காரணம் போனபின் வந்த பட்டம். சுங்கமும் எல்லைக் காவலும் எஞ்சியிருந்ததால் ஊர் உடனே சரியவில்லை. 1939 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் இருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டே நாஜி அரசு, லித்துவேனிய வேர் கொண்ட பெயர்களை அழிக்கும் முனைப்பில், ஊருக்கு ஐட்காவ் என்று பெயரிட்டிருந்தது. 1940 ஜூனில் சோவியத் படை லித்துவேனியாவுக்குள் நுழைந்தபோது, அதன் குடியரசுத் தலைவர் அந்தானாஸ் ஸ்மெத்தோனா கிபார்த்தைக்கு வந்து, நள்ளிரவில் லிபோனா ஓடையைக் கடந்து ஜெர்மன் கரை ஏறினார். நார்ட் எக்ஸ்பிரஸ் கடந்த எல்லையை ஒரு நாட்டின் தலைவர் இருட்டில் ஓடைவழியே கடந்தார்.

1944 அக்டோபரில் செம்படை ஊரைக் கைப்பற்றியது. எஞ்சிய ஜெர்மானியர் போருக்குப் பின் வெளியேற்றப்பட்டனர். கிழக்குப் பிரஷ்யாவின் வடபகுதி கலினின்கிராட் மாநிலமாயிற்று. ஊர் செர்னிஷெவ்ஸ்கோயே எனப் பெயர் மாறியது. ஓடையின் இருபுறமும் சோவியத் நாடு, இருபுறமும் ரஷ்ய அகலப் பாதை. வண்டி நிற்பதற்கு எந்தக் காரணமும் மிஞ்சவில்லை.

1991-க்குப் பின் எல்லை திரும்பி வந்தது. 2004 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையுமாகும். லித்துவேனியா வழியே ரயிலில் கலினின்கிராட் செல்லும் ரஷ்யக் குடிமக்களுக்கு 2003-இலேயே தனிப் பயண ஆவணம் வகுக்கப்பட்டது. ஆனால் தண்டவாளம் இரு கரைகளிலும் ஒரே அகலத்தில் நீடிக்கிறது. இன்று செர்னிஷெவ்ஸ்கோயேயில் ஓராயிரம் பேர் அளவில் வாழ்கின்றனர். ஜெர்மானியர் கட்டிய தேவாலயம் இடிபாடாக நிற்கிறது. சோதனை முடிந்த வண்டிகள் பெட்டி மாற்றாமல், மூட்டை இறக்காமல், லிபோனாவைக் கடந்து போகின்றன.