சிப்பம் கட்டிய நெல் அட்டைக்கு வந்த கதை

தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை அறுத்ததும் நெல் போய்ச் சேரும் இடம் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே எடுக்க மாட்டார்கள். அறுவடை நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து தொலைப்பதால், ஐப்பசியில் சாலையோரமெல்லாம் நெல்தான் காயும். 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதுவதும், அங்கிருந்து குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் ஏறக்குறைய வருடாந்திரச் சடங்காகிவிட்டன.

தேறிய நெல் 40 கிலோ சிப்பமாகி லாரி ஏறும். ஆலையில் அவிந்து, காய்ந்து, அரைபட்டால் மிஞ்சுவது சுமார் 27 கிலோ புழுங்கல் அரிசி. பிறகு கிடங்கு, அங்கிருந்து ரேஷன் கடை. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் அதுவும் இல்லை.

இந்த அரிசி யாருக்கு என்ற கேள்வி 1997இல் வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று மத்திய அரசு குடும்பங்களைப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. சரியாகத்தான் செய்தது. ஐப்பசியில் கூலி கிடைத்தவருக்குச் சித்திரையில் வேலை இருக்காது. எப்போதோ ஒருமுறை கணக்கெடுக்க வருகிறவர் கண்ணில் அது படாது. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும், முன்னுரிமைப் பட்டியலில் இல்லாத அரிசி அட்டைக்காரர்களை மாநிலம் கைவிடவில்லை. அரிசி வேண்டாமென்றால் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். விலகுவதைக் குடும்பமே முடிவு செய்கிறது, தாசில்தார் அல்ல.

வசதியுள்ளவர்களுக்கு எதற்கு, மாட்டுத் தீவனத்துக்கும் கள்ளச் சந்தைக்கும் போகிறதே என்பார்கள். போகத்தான் செய்கிறது; பிடிப்பதற்கென்றே குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அதற்கு லாரியைப் பிடிக்க வேண்டும், அட்டையைப் பிடுங்கக் கூடாது. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய கடையில் அரிசி நாறினால் கேட்க ஆளிருக்காது. ஆசிரியர் வீட்டு அட்டையும் கூலிக்காரர் வீட்டு அட்டையும் அதே கடையில் இருந்தால்தான் சத்தம் மேலே வரை போகும்.

ஆகவே, இட்லிக்கு மட்டும் ரேஷன் அரிசி வாங்குகிறவர்களும் சும்மா இருக்க வேண்டாம். பழுப்பாக, வாடையோடு வந்தால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் 1967க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.